'வரலையா?' என்று கேட்டால் யெஸ்ஸா, நோவா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதில் பிரச்சினை இல்லை. போனில் 'இல்லையா?' என்கிற மாதிரி கேள்வி வந்தால்தான் மாட்டிக்கொள்கிறேன்.

போன செவ்வாய் இங்கிலாந்து பையர் மேடம், "ஹேவன்ட் த பட்டன்ஸ் கம் யெட்?" என்றார். பட்டன் வரவில்லை. நம் ஊரில் "இன்னும் வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்போம். அதே பழக்கத்தில் "யெஸ்" என்றேன். வந்துவிட்டது என்று அவர் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை, சரக்கு எப்போது கிளம்பும் என்று மெயில். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ கால் யூ பேக்?" இன்னும் மோசம். தாராளமாக "யெஸ், யெஸ்" என்பேன். எதிர்முனையில் ஒரு சின்ன அமைதி. 'எனக்கு ஆட்சேபம் உண்டு' என்றல்லவா சொல்லியிருக்கிறேன்!

எட்டு மாதமாக இந்தப் பாடு. விதி தெரியும்: கேள்வி எப்படி இருந்தாலும், வந்திருந்தால் யெஸ், வராவிட்டால் நோ. மானிட்டரில் சீட்டு ஒட்டினேன். அதைப் படிப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. யெஸ், நோவை விட்டுவிட்டு "தே ஹேவன்ட் கம்" என்று முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். நிதானமாக இருந்தால் சரி, அவசரத்தில் பழைய கதைதான். அப்புறம் தோழியோடு பேசிப் பழகினேன். அவளும் தமிழ், இருவரும் சேர்ந்து தப்பு செய்தோம்.

இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்: யோசிக்காமலே சரியான பதில் வாயில் வர என்ன பயிற்சி செய்தீர்கள்?