பேக்லோஃபென்: கால் மாத்திரையா, கரைசலா?

மருந்தாளர்_மதுரை: செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சிரமமாகிற நிலை) பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் குறைக்கக் கொடுக்கிற பேக்லோஃபென் 10 மி.கி. மாத்திரையை, கட்டர்ல (மாத்திரை வெட்டும் கருவி) நாலா வெட்டினா சரியா 2.5 மி.கி. வரும்னு மேலே 'கால்மாத்திரை' அடிச்சுச் சொல்லியிருக்கார். வராது. நடுக்கோடு ஒண்ணுதான், பாதி வரைக்கும் சரி. அதுக்கு மேல வெட்டினா ஓரம் உதிரும், துண்டு சமமா விழாது. முழு மாத்திரையை 10 மில்லி தண்ணியில கரைச்சு, கலக்கின கையோட சிரிஞ்சில 2.5 மில்லி எடுங்க.

கால்மாத்திரை: கட்டர்னுதான் எழுதினேன், கத்தின்னு இல்ல. திரிக்காதீங்க.

மருந்தாளர்_மதுரை: கத்தின்னு நான் எங்கே சொன்னேன்? கட்டர்லயும் பாதித் துண்டு நகரும், உதிரும்.

பிசியோ_கோவை: கரையுதுன்னா கப் அடியில வெள்ளையா நிக்கிறது என்ன?

மருந்தாளர்_மதுரை: மாத்திரையில சேர்க்கிற மாவு. மில்லிக்கு 1 மி.கி. அளவுக்கு மருந்து தண்ணியில கரையும்.

பிசியோ_கோவை: மாவா மருந்தான்னு பார்த்தே சொல்லிடுவீங்களா?

மருந்தாளர்_மதுரை: அதுக்குத்தான் கலக்கின கையோட எடுக்கச் சொன்னேன். படிச்சிட்டு வாங்க. மிச்சத்தைக் கொட்டிடணும், அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

நாமக்கல்_அம்மா: மூணு வேளைக்கு மூணு மாத்திரை, முக்கால்வாசி சாக்கடைக்கா? திரவ மருந்தே எழுதச் சொல்லலாமே.

மருந்தாளர்_மதுரை: சொல்லலாம். ஆனா லேபிளைப் பாருங்கம்மா. 5 மில்லியில 5 மி.கி. இருக்கிறதும் உண்டு, 25 மி.கி. இருக்கிறதும் வெளிநாட்டில உண்டு. பாட்டில் மாறினா அதே மில்லிக்கு அஞ்சு மடங்கு மருந்து உள்ளே போகும். எப்பவும் மி.கி. கணக்கையே கேளுங்க.

குழந்தைநரம்பியல்: கப்பையே பார்த்துட்டிருக்கீங்க. இறுக்கம் கெண்டைக்கால்ல மட்டும்னா மாத்திரை எதுக்கு? அந்தத் தசையிலேயே போட்டு அதைத் தளர்த்துற போட்டுலினம் ஊசி போட்டா மூணு மாசம் போல நிக்கும், அந்த நேரத்தில நீட்டல் பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் (காலை நிலையா தாங்குற பட்டை) நடக்கணும். 2010-ல அமெரிக்க நரம்பியல் அகாடமி அந்த ஊசிக்குத்தான் வலுவான பரிந்துரை கொடுத்தது. வாய்வழி பேக்லோஃபெனுக்குச் சான்று போதாதுன்னே எழுதினாங்க.

பிசியோ_கோவை: அப்ப சான்று போதாததை எழுதுறது யாரு சார்? டோஸ் ஏறினதும் கழுத்து தொங்குது, எச்சில் ஒழுகுது. சில பிள்ளைங்க அந்த இறுக்கத்தை வெச்சுத்தான் நிக்கிறாங்க, அதுவும் போயிடுது. பழி மட்டும் பிசியோ மேல.

குழந்தைநரம்பியல்: வேகமா ஏத்தினா அப்படித்தான். வாரத்துக்கு ஒரு படி போதும். எட்டு வயசுக்குள்ள நாளைக்கு 40 மி.கி.தான் உச்சம், சிறுநீரகம் பழுதுன்னா இன்னும் குறைக்கணும். மயக்கமா இருக்குன்னு வீட்டிலேயே சடார்னு நிறுத்திடாதீங்க. ஃபிட்ஸ், காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியிறது, இறுக்கம் முன்னைவிட மோசமாறதுன்னு வரிசையா வரும். டாக்டர்கிட்ட கேட்டுப் படிப்படியா இறக்கணும்.

நாமக்கல்_அம்மா: இதை எந்தச் சீட்டிலயாவது எழுதிக் கொடுக்கிறீங்களா?

மருந்தாளர்_மதுரை: நல்ல கேள்வி. வாந்தி எடுத்து ரெண்டு வேளை தவறினாலும் ஃபோன் பண்ணணும்னு சீட்டில இருக்கணும். அதோட, கால் துண்டு சரிங்கிறவர் நாலையும் தராசில வெச்சுட்டு வந்து பேசட்டும்.

கால்மாத்திரை: வீட்டில யார்கிட்ட மில்லிகிராம் தராசு இருக்கு?

பிசியோ_கோவை: அந்த வெள்ளைக்கு இன்னும் பதில் வரல.