எத்தியோப்பியாவில் விரிவுரையாளர் வேலை, சபையின் பார்வையில் மிஷனெரி அழைப்பு: குடும்பத்தோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகச் சிவில் துறையில் கற்பித்து வருகிறேன். மனைவி கணித ஆசிரியை. தெற்கு எத்தியோப்பியாவிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியமும் செய்தாரே, நீங்கள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அதையே செய்யலாமே என்று எங்கள் லுத்தரன் சபையில் பலர் சொல்கிறார்கள். வழியனுப்பு ஆராதனைக்குத் தேதிகூடக் கேட்டுவிட்டார்கள். சபையிலிருந்து பணம் கிடையாது, ஜெபம் உண்டு.

அரசுப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு மனத்துக்குள் மிஷனெரியாக இருப்பது நேர்மையா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் ஏழும் வயது. அம்மாவுக்கு எழுபத்தொன்று, மஞ்சக்குப்பத்து வீட்டை விட்டு எங்கும் வரமாட்டேன் என்கிறார். போய் வந்தவர்கள் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். போகாதவர்களின் அறிவுரை ஏற்கெனவே வீடு கொள்ளாத அளவுக்கு இருக்கிறது.

லாஸ்பேட்டை ஓய்வூதியர்

ஐயா, நானும் என் குடும்பமும் ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தோம், வேதியியல் கற்பித்தேன். உங்களைப் போலவே எனக்கும் சபையில் மாலை போட்டு அனுப்பினார்கள். போன முதல் மாதத்திலேயே அந்த மாலை எனக்குக் கனக்கத் தொடங்கியது.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய எத்தியோப்பியப் பேரரசான அக்சுமின் அரசன் எசானா கிறிஸ்தவத்தை ஏற்றது 4ஆம் நூற்றாண்டில். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறாரே எத்தியோப்பிய மந்திரி, அவரைத் தங்கள் மூதாதையாகவே அவர்கள் பேசுகிறார்கள். 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களில் 43.5 விழுக்காட்டினர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், 33.9 விழுக்காட்டினர் இசுலாமியர், புராட்டஸ்டண்டுகள் 18.5 விழுக்காடு. நம்மைப் போன்ற புராட்டஸ்டண்டுகளைப் 'பெந்தே' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். லுத்தரன் என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் பெந்தேதான். நீங்கள் போகிற தெற்கில் பெந்தேக்கள் நிறையப் பேர், அவர்களுடைய மெக்கானெ இயேசு சபை 1959 முதல் தேசியத் திருச்சபையாக இயங்குகிற பெரிய லுத்தரன் சபை. ஆகவே நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்று அங்கே ஒரு வெற்றிடம் இல்லை.

ஒரு புதன்கிழமை என் மாணவன் ஒருவன் வீட்டுக்கு அழைத்தான். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, பச்சைக் காப்பிக்கொட்டையை எங்கள் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டிவிட்டு, பிறகு இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்குடுவையில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றினார் அவனுடைய தாயார். மூன்றாவது சுற்றுக்குப் பெயர் பரக்கா; ஆசீர்வாதம் என்று பொருள். அதற்கு முன்னால் எழுந்து வந்தால் வீட்டைச் சபித்துவிட்டு வந்த மாதிரி. அவனுடைய தந்தை ஆர்த்தடாக்ஸ் குருவானவர். புதனும் வெள்ளியும் இறைச்சியோ பாலோ தொடாதவர், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன் 55 நாள் நோன்பிருப்பவர். "உங்கள் ஊரில் எத்தனை நாள்?" என்று மகன் வழியாகக் கேட்டார். நாற்பது நாள் என்றேன். என்ன சாப்பிடமாட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. லெந்து என்னும் தவக்கால நாள்களிலும் எங்கள் வீட்டில் வஞ்சிரம் வாங்கினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேர்மையைப் பற்றிக் கேட்டீர்கள். அந்நாட்டின் 1995ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அரசையும் மதத்தையும் பிரித்து வைக்கிறது. நீங்கள் அரசின் சம்பளக்காரர். வகுப்பறையில் சமய உரை ஆற்றினால் ஒப்பந்தத்தையும் உங்களைப் பணிக்கு எடுத்தவரையும் ஏமாற்றுகிறீர்கள். நான் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்: விண்ணப்பத்தில் எழுதாத எதையும் பணிநேரத்தில் செய்வதில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் மறைப்பதும் இல்லை. ஆய்வகத்தில் அளவுக்குடுவைகள் போதாமல் நாற்பது பேர் ஐந்தைந்து பேராகக் காத்திருப்பார்கள். கடைசி அணி முடிக்கிறவரை நான் உட்கார்ந்திருந்தேன், மூன்றாம் முறை தப்பாகச் செய்தவனுக்கு நான்காம் முறை சொல்லிக் கொடுத்தேன். என் ஊழியம் அவ்வளவுதான் ஐயா. சபைக்கு அனுப்பும் அறிக்கையில் எழுத அதில் ஒன்றும் இருக்காது. ஆத்துமாக்களின் எண்ணிக்கை கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும். என்ன எழுதுவது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

முதுநகர் வாசி

நான் போய் வந்தவன் அல்லன், மன்னியுங்கள். ஆனால் நம் ஊருக்கு வந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் 1750 ஜூலையில் கடலூரில்தான் கரையிறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில், இங்கே ஊழியம் செய்து திரும்பியிருந்த சூல்ட்சேயிடம் முன்பே தமிழ் தொடங்கியிருந்ததால் நான்கே மாதத்தில், நவம்பர் 23 அன்று, தரங்கம்பாடியில் தமிழில் பிரசங்கம் செய்தார். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்று நீங்கள் அந்நாட்டு மொழியான அம்ஹாரிக் கற்காமல் இருந்துவிடாதீர்கள். அவ்வெழுத்தும் நம் உயிர்மெய் போலத்தான். 33 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம்.

இன்னொரு மிஷனெரி கீர்நாந்தர். 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தவர், 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. எத்தியோப்பியாவின் வடக்கே திக்ராயில் 2020 நவம்பரிலிருந்து இரண்டாண்டு போர் நடந்ததை நினைவில் வைத்து, உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற பகுதியின் நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நெல்லிக்குப்பத்து அக்கா

சுவார்ட்ஸுக்குக் குடும்பம் கிடையாது, ஐயா. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாதவர். அவரை வைத்து இந்தத் தம்பிக்குக் கணக்குப் போட வேண்டாம்.

தம்பி, உங்கள் கேள்வியில் அம்மாவுக்கு ஒரு முழு வாக்கியம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. மனைவிக்கு 'கணித ஆசிரியை' என்று இரண்டு சொல் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அங்கே என்ன செய்வார்? நான் கணவரோடு போனபோது என் விசாவில் வேலை செய்யக்கூடாது என்றிருந்தது. பன்னிரண்டு ஆண்டு வகுப்பெடுத்தவள், காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போன பிறகு ஜன்னல் ஓரத்தில் நின்று யூக்கலிப்டஸ் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சபைக்கு அனுப்பிய புகைப்படத்தில் நான் 'மிஷனெரியின் துணைவியார்'.

சமையலுக்குப் பயப்பட வேண்டாம். தெஃப் என்ற சிறுதானிய மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து மிதாட் என்ற அகன்ற கல்லில் ஊற்றி, தோசை போன்ற இஞ்சிராவைச் சுடுகிறார்கள். முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், இரண்டாம் மாதம் தோசையே வேண்டாம் என்றார்கள். எங்கள் ஊர் மலைமேல் இருந்ததால் இட்லி மாவு பொங்க ஒன்றரை நாள் ஆகும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. அடுத்த வீட்டு அம்மாளிடம் மாவு புளிக்கவைக்கும் பக்குவம் கேட்கப் போனேன். அங்கே எனக்குத் தோழி கிடைத்ததும், நான் அம்ஹாரிக் பேசத் தொடங்கியதும் அந்த மாவுப்பானையால்தான்.

உங்கள் அம்மா தனியாக இருப்பதைப் பற்றி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது நாங்கள் எத்தியோப்பியாவில் இருந்தோம். மூன்று நாள் எந்த எண்ணுக்கும் அழைப்பு போகவில்லை. நான்காம் நாள் என் மாமியார் பேசினார். ஓடு பறந்துபோனதைச் சொன்னார், கொல்லையில் நின்ற பலாமரம் விழுந்ததைச் சொன்னார், நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். என் கணவர் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். பக்கத்தில் சாவி வைத்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யாமல் போகாதீர்கள். சபையார் பார்த்துக்கொள்வார்கள் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, ஆளின் பெயர் தெரிய வேண்டும்.

அங்கே வளர்ந்தவன், முதலியார்பேட்டை

நான் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். எட்டு வயதில் போய்ப் பன்னிரண்டு வயதில் திரும்பினேன்.

பள்ளிக்கு நடந்து போகும்போது தெருப்பிள்ளைகள் 'ஃபெரெஞ்ச்' என்று கூவுவார்கள். வெளிநாட்டான் என்று பொருள். தாத்தாவிடம் சொன்னபோது, "நம் பரங்கிப்பேட்டையில் இருக்கிற பரங்கிதானடா அது" என்று சிரித்தார். கறுப்பாக இருக்கிற என்னை ஒருவன் பரங்கி என்று கூப்பிட முடியும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

அங்கே பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. நம்முடைய காலை எட்டு அவர்களுக்கு இரண்டு மணி. அப்பா முதல் வகுப்புக்கு மதியம் இரண்டு மணிக்குப் போய் வெறும் பெஞ்சுகளுக்கு வணக்கம் சொன்ன கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. ஆண்டுக்கணக்கும் வேறு, நம்மைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கி ஓடும். இதனால் எனக்கு வந்த வினை: 2011இல் புதுச்சேரியில் பள்ளியில் சேரப் போனபோது, என் மாற்றுச் சான்றிதழில் ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டு 2003 என்றிருந்தது. பிறந்த ஆண்டு 1999. அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, "நாலு வயசுல ஆறாம் வகுப்பா?" என்று கேட்டார். போலிச் சான்றிதழ் என்றே முடிவு செய்துவிட்டார். அப்பா மூன்று வாரம் அலைந்தார். சான்றிதழ் வாங்கும்போதே இரண்டு நாள்காட்டித் தேதியும் எழுதி வாங்குங்கள்.

தமிழ் பேசினேன், எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். அம்மா பாமாலைப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தார். ஆகவே பல ஆண்டுகள் என் தமிழில் 'தேவரீர்', 'அடியேன்' எல்லாம் தாராளமாக வரும், 'பேருந்து' வராது. உங்கள் ஏழு வயதுப் பிள்ளை சமாளித்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அழைப்பு வந்தது அப்பாவுக்கு. என்னை யாரும் அழைக்கவில்லை என்று அந்த வயதில் நான் நினைத்ததுண்டு, இன்றும் முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

கணக்குப்பிள்ளை

சுருக்கமாக. சம்பளம் எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது, எவ்வளவு இந்தியாவுக்கு அனுப்பலாம் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். 2024 ஜூலை இறுதியில் அந்நாட்டு நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்கு 57 பிர் அளவில் இருந்தது சில வாரங்களில் நூறைத் தாண்டியது. பிர்ரில் சேமித்தவர்கள் கைபிசைந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்பு போடுங்கள், கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அழைத்துப் போவார்கள்.

மஞ்சக்குப்பத்தான்

அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குப் போனார். திரும்பி வந்து, "எனக்கும் அங்கே கணிதத்துறையில் இடம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள், இல்லையென்றால் முதல் ஆண்டு நீங்கள் மட்டும் போங்கள்" என்றார். நேற்றே எழுதிவிட்டேன். வழியனுப்பு ஆராதனையை இப்போதைக்கு வேண்டாம் என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். மகளிடம் இன்று மாலை பேச வேண்டும். அம்மாவோ, தானே புயலுக்கே இந்த வீடு நின்றது, நீ கூரை ஓடுகளைப் பற்றி யோசிக்காதே என்கிறார்.

நெல்லிக்குப்பத்து அக்கா

பதில் வந்ததும் இங்கே எழுதச் சொல்லுங்கள் தம்பி. நீங்கள் எழுத வேண்டாம், அவரையே எழுதச் சொல்லுங்கள்.