டிஷ்வாஷரின் அடியில் நீர் தேங்குகிறது: பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

அடுக்களைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டிஷ்வாஷரை வாங்கி 4 ஆண்டுகள் ஆகின்றன. இரவில் அதை ஓடவிட்டுப் படுக்கச் செல்வது எங்கள் வழக்கம். கடந்த இரண்டு வாரங்களாகக் காலையில் கதவைத் திறந்தால், வடிகட்டி மூழ்கும் அளவுக்குக் கலங்கிய நீர் அடியில் நிற்கிறது. திரையில் பிழைக்குறி எதுவும் வருவதில்லை. வடிகட்டியை இருமுறை கழற்றிக் கழுவியும் பயனில்லை. பார்க்க வந்த பழுதுநீக்குபவர் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே, பம்ப் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சென்றார். இது தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் சிங்க்குக்கு அடியில் உள்ள கழிவுக் குழாயைப் புதிதாக மாற்றினோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

இதனுடன் வேறு இரண்டு குறைகளும் உள்ளன. கண்ணாடிக் குவளைகளில் வெண்மையான படலம் படிகிறது. பிளாஸ்டிக் டப்பாக்கள் ஈரமாகவே வெளிவருகின்றன. பம்ப்பை மாற்றினால் இவையும் சரியாகுமா?

திருப்புளி:

தாங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட இரண்டு விவரங்களில்தான் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலாவது, பிழைக்குறி இல்லை என்பது. வெளியேற்றும் பம்ப் உண்மையிலேயே நின்றுபோயிருந்தால், கழுவிய அழுக்கு நீர் வெளியேறாததை உணர்ந்து பெரும்பாலான இயந்திரங்கள் நடுவழியிலேயே நின்று பிழைக்குறி காட்டும். உங்களுடையதோ கடைசி வரை ஓடி முடிக்கிறது. இரண்டாவது, நீர் கலங்கியிருக்கிறது என்பது. கடைசி அலசலுக்குப் புதிய நீர்தான் வருகிறது. அது வெளியேறாமல் தங்கியிருந்தால் ஏறக்குறைய தெளிவாகவே இருக்க வேண்டும். கலங்கிய நீர் நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் வெளியிலிருந்து, அதாவது சிங்க்கிலிருந்து திரும்பி வந்த நீராக இருக்கும்.

இதை உறுதி செய்ய எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு நாள் பகலில் இயந்திரத்தை ஓடவிட்டு, அது முடிந்த உடனேயே கதவைத் திறந்து அடியைப் பாருங்கள். நீர் இல்லையென்றால் பம்ப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அடுத்து, சிங்க்கின் வாயை அடைத்து, பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கொஞ்சம் விட்டு, சிங்க்கை நிறைத்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். சில நிமிடங்களில் இயந்திரத்தின் அடியில் நுரை தெரிந்தால், ஐயத்திற்கு இடமே இல்லை.

இயந்திரத்தின் கழிவு ஹோஸ் சிங்க் குழாயில் சேரும் முன், மேடைப் பலகையின் அடிப்பாகம் வரை உயர்ந்து, வளைந்து, பிறகே கீழிறங்க வேண்டும். குழாய் மாற்றுபவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று, ஹோஸை மேலே தூக்கிப் பிடித்திருக்கும் கட்டை அவிழ்த்துவிட்டு, மறுபடி கட்டாமல் போவது மிகச் சாதாரணம். ஹோஸ் தரையில் கிடந்தால், சிங்க்கில் ஊற்றும் நீருக்கு அது சறுக்குப் பாதை. அதைத் தடுப்பதற்கென்று பல இயந்திரங்களில் ஒருவழி வால்வு இருக்கிறது என்றாலும், அது சிறியதொரு ரப்பர் மடல்தான். ஒரு நூலிழை சிக்கினாலும் முழுமையாக மூடாது.

ஓட்டம் முடிந்த உடனேயே நீர் நிற்கிறது என்றால் மட்டும் பம்ப்பைப் பாருங்கள். முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, வடிகட்டியைக் கழற்றினால் அடியில் ஒரு குழி தெரியும். பல மாதிரிகளில் அந்தக் குழியின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் பம்ப்பின் சிறிய இறக்கைச் சக்கரம் தெரியும். வெறும் கையை உள்ளே விடாதீர்கள். அங்கு சிக்குவது பெரும்பாலும் உடைந்த கண்ணாடிச் சில்லு. டார்ச் வெளிச்சத்தில் இடுக்கியால் எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் சக்கரத்தைத் தள்ளிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சுழலாது. வெட்டி வெட்டி, கட்டங்கட்டமாக நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் நகர வேண்டும். இதைப் பார்த்து, சக்கரம் இறுகிவிட்டது என்று எண்ணி நல்ல பம்ப்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. முதல் முறை நானும் அதையேதான் செய்தேன்.

சத்தமும் ஓரளவு வழிகாட்டும். பம்ப் உறுமிக்கொண்டு நீரை வெளியேற்றாமல் இருந்தால், ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால், மின்சாரம் வரவில்லை அல்லது சுருள் போய்விட்டது. இயல்பான சத்தத்துடன் ஓடியும் நீர் போகவில்லையென்றால் ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருக்கும்; சிங்க் குழாயில் சேரும் முனையைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு ஓட்டிப் பார்த்தால், அடைப்பு ஹோஸிலா சிங்க் குழாயிலா என்பதும் தெரிந்துவிடும்.

தெளிநீர்:

வெண்படலத்துக்கும் பம்ப்புக்கும் தொடர்பில்லை. வெண்மையாகத் தெரிவதெல்லாம் சுண்ணாம்புப் படிவும் அல்ல. உலர்ந்த குவளை ஒன்றை எடுத்து ஈர விரலால் தேயுங்கள். உடனே போய்விட்டால் அது உப்பு, அல்லது சரியாக அலசப்படாத சோப்புத்தூள். போகவில்லையென்றால் அதே இடத்தில் சில துளி வினிகர் விட்டுப் பொறுத்திருங்கள். கரைந்தால் அது கடின நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாமல், வெளிச்சத்தில் பிடிக்கும்போது மங்கலாகவே இருந்தால், கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மீட்சி இல்லை. மிக மென்மையான நீர், அதிக வெப்பம், தேவைக்கு மேற்பட்ட சோப்பு ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை அது.

சுண்ணாம்பு என்று தெரிந்தால், நீரின் கடினத்தன்மையைச் சோதனைத் தாளால் அளந்து, அதற்கேற்ப இயந்திரத்தின் அமைப்பை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் மென்மையாக்கியில் உள்ள பிசின், நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. நாம் இடும் உப்புக் கரைசல் அந்தப் பிசினைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயாராக்குகிறது. எனவே உப்பு தீர்ந்துபோனால் மென்மையாக்கி இருந்தும் இல்லாததே. இதற்கென விற்கப்படும் பருவெட்டு உப்பைத் தவிர, சமையலுக்கான தூள் உப்பைப் போட வேண்டாம். அதில் கட்டி பிடிக்காதிருக்கச் சேர்க்கும் பொருட்கள் பிசினைக் கெடுக்கலாம்.

ஈர விரலுக்கே படலம் போய்விட்டால், உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மரை கோணலாக ஏறியிருந்தால் உப்பு நீர் கசிந்து எல்லாப் பாத்திரங்களிலும் படியும்.

ஓம்விதி:

ஈரம் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிளாஸ்டிக் ஈரமாக வருவது பெரும்பாலும் பழுதல்ல. கடைசி அலசலில் சூடேறிய பாத்திரம் தன் வெப்பத்தால்தான் நீரை ஆவியாக்குகிறது. பீங்கான் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும், மெல்லிய பிளாஸ்டிக் வைத்திருக்காது. ஓட்டம் முடிந்த உடனே பீங்கான் தட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. குளிர்ந்திருந்தால் மட்டும், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரின் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 26 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. இயந்திரத்தின் அடிப்பலகையைக் கழற்றத் தயக்கமிருந்தால், இதை மட்டும் பழகியவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று: ரின்ஸ் எய்டு (கடைசி அலசலில் சேர்ந்து பாத்திரம் உலர உதவும் திரவம்) தொட்டியில் அதற்குப் பதிலாக வினிகரை ஊற்றலாம் என்று பலர் சொல்வார்கள். குவளையில் சில துளி விட்டுச் சோதிப்பது வேறு. தொட்டியிலேயே அமிலத்தை நாள்தோறும் நிறுத்தி வைத்தால் ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகக்கூடும்.

அடுக்களைவாசி:

மூவருக்கும் நன்றி. நேற்றுப் பகலில் இயந்திரத்தை ஓடவிட்டு, முடிந்த உடனே திறந்தேன். அடியில் நீர் இல்லை, பீங்கான் தட்டுகள் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தன. பிறகு சிங்க்கை நிறைத்துத் திறந்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் வடிகட்டியின் துளைகள் வழியாகச் சின்னச் சின்ன நுரைக் குமிழிகள் மேலெழுந்தன. சிங்க்குக்கு அடியில் கழிவு ஹோஸ் தரையோடு தரையாகக் கிடந்தது. மேலே தூக்கிப் பட்டை போட்டுக் கட்டிவிட்டேன்; இன்று காலையில் கலங்கிய நீர் இல்லை.

வெண்படலம் ஈர விரலுக்கே போய்விட்டது. உப்பு மூடியின் மரை, தெளிநீர் சொன்னபடியே, கோணலாக ஏறியிருந்தது. சென்ற மாதம் உப்பு நிரப்பியது நான்தான் என்பதால் இதில் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஒரே ஓர் ஐயம்: வடிகட்டியைத் தூக்கினால் குழியில் ஒரு குவளை அளவு தெளிந்த நீர் இன்னும் நிற்கிறது. ஒருவழி வால்வையும் கழற்றிப் பார்க்க வேண்டுமா?

திருப்புளி:

தேவையில்லை. குழியில் நிற்கும் அந்தச் சிறிதளவு நீர் எல்லா இயந்திரங்களிலும் இருப்பதுதான். ரப்பர் பாகங்கள் உலர்ந்து வெடிக்காமலிருக்க அது உதவுகிறது. அதை ஒற்றி எடுத்துவிடாதீர்கள். ஹோஸைக் கட்டிய பட்டை மட்டும் அதை நெரிக்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.