15,000 ரூபாய்க்குள் பழைய கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? (அவசரம்)

வளவுப்பையன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில் விளையாட்டுகள் திணறுகின்றன. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறார். அதற்கு முன்பே சொல்லிவிட்டால் ரிச்சி தெருவில் வாங்கி வரச் சொல்வேன். எந்த கார்டு நல்லது?

கோட்டையூரான்:
தம்பி, ப்ராசஸர் எது, மதர்போர்டு எது, ராம் எவ்வளவு, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) எத்தனை வாட், எந்த விளையாட்டு திணறுகிறது? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் சொல்வதாகவே இருக்கும்.

பழைய_சிலிக்கான்:
எத்தனை பேருக்கு விருந்து என்று சொல்லாமல் அரிசி எவ்வளவு போடலாம் என்று சமையற்காரரிடம் கேட்பதைப் போல இருக்கிறது. இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் அவற்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் இளைஞர்களுக்கு வர வேண்டும்.

வளவுப்பையன்:
மன்னிக்கவும். ப்ராசஸர் ஐ5 4460, மதர்போர்டு எச்81, ராம் 8 ஜிபி, இப்போதுள்ள கார்டு ஜிடிஎக்ஸ் 750 டிஐ. எஸ்எம்பிஎஸ் மேல் 450 என்று எழுதியிருக்கிறது. அப்பா 2015-இல் வாங்கியது. ஜிடிஏ 5, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டுமே திணறுகின்றன.

சந்தைக்கடை:
8 ஜிபி ராம் என்பது ஒரே குச்சியா, இரண்டு குச்சிகளா? ஒரே குச்சியாக இருந்தால் ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான இரண்டு வழிகளில் ஒன்று சும்மா கிடக்கிறது என்று பொருள். எச்81-இல் ராமுக்கு இரண்டு இடங்கள்தாம் உண்டு, 16 ஜிபி வரை ஏற்கும். அதற்குப் பொருந்தும் டிடிஆர்3 வகைப் பழைய ராம் குச்சி ஒன்று மலிவாகவே கிடைக்கும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் இன்னும் சுழலும் வகையாக இருந்தால் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டியும் போட்டுவிடுங்கள்.

மின்வழி:
450 என்று வெளியே எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்கவும். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அந்த எண்ணை 12-ஆல் பெருக்கினால் 200 வாட் தேறுவதே கடினம். 750 டிஐ 60 வாட் கார்டு என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது. 125 வாட் கேட்கும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் போன்ற கார்டை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடவும்.

கோட்டையூரான்:
கார்டுதான் வேண்டும் என்றால் தனி மின்கம்பி கேட்காத, 75 வாட்டுக்குள் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 பொருந்தும். 1650-இலேயே ஆறு முள் இணைப்பு கேட்கும் மாடல்களும் உண்டு, பார்த்து வாங்கவும். ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்று கடையில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தக் கார்டுக்குப் போர்டோடு தரவு பரிமாற நான்கு தடங்கள் மட்டுமே உண்டு. கார்டு மாட்டும் இணைப்பு வேகமான பிசிஐஇ 4.0 வகையாக உள்ள போர்டில் அந்தக் குறை தெரியாது. எச்81 கொடுப்பது 2.0 மட்டுமே என்பதால், பதினாறு தடமுள்ள 1650-க்குக் கிடைக்கும் வழியில் கால் பங்குதான் 6400-க்குக் கிடைக்கும்.

பழைய_சிலிக்கான்:
இந்தப் பெட்டிக்குச் செலவு செய்வதே வீண். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளும் இன்டெல் ப்ராசஸர்கள், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. இது நான்காம் தலைமுறை. பணத்தைச் சேர்த்து வைத்து ஏஎம்4 வகை மதர்போர்டும் ரைசன் ப்ராசஸரும் வாங்குவதே அறிவுடைமை. நான் சொன்னால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும்.

கானாடுகாத்தான்_காற்று:
அவர் சொல்வது கசந்தாலும் பொய்யில்லை. ஆனால் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். தம்பி, விளையாட்டு தொடக்கத்திலிருந்தே திணறுகிறதா, சற்று நேரம் கழித்தா? கணினிப் பெட்டி எங்கே இருக்கிறது?

வளவுப்பையன்:
முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் ஓடும் அண்ணா. பிறகு படம் நின்று நின்று வரும். கணினி வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டிய அறையில், தாத்தாவின் தேக்கு மேசைக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் கண்ணில் வயர்கள் படக்கூடாது என்று அப்பத்தா மேசைக் கதவைச் சாத்தியே வைக்கச் சொல்வார். இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன்: வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும்.

கானாடுகாத்தான்_காற்று:
இருபது நிமிடம் என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். கார்டு போதாமல் போனால் முதல் நிமிடத்திலிருந்தே போதாது. நேரம் கழித்து வருவது பெரும்பாலும் சூடு. 100 டிகிரியை நெருங்கினால் அந்த ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைக் கதவைத் திறந்து வைத்து, வெப்பநிலை காட்டும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு விளையாடிப் பாருங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, ப்ராசஸர் மேலுள்ள விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்டில் முழுமையாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தாண்டு ஆகிவிட்டதால் ப்ராசஸரின் சூட்டை மேலுள்ள ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளுக்கு) கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தால் போதும்.

தெற்குத்தெரு:
சுருக்கென்று இருப்பதுதான் உண்மையான கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சாரம் கசிகிறது. ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி மாட்டவும். பழைய வீட்டில் எர்த் இல்லையென்றால், பிளக்கில் எர்த் முள்ளை நியூட்ரலோடு இணைத்துவிட்டால் சுருக்கென்பது நின்றுவிடும். என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

மின்வழி:
ஐயா, அந்தக் கடைசி யோசனையை அருள்கூர்ந்து திரும்பப் பெறவும். நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, லைன் மாறி வந்தாலோ, கணினியின் தகடு முழுவதிலும் 230 வோல்ட் நிற்கும். சுருக்கென்பதற்குக் காரணம் கசிவுக் கோளாறாகவே இருக்க வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகடு ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். இதை ஸ்டெபிலைசர் எப்படி நிறுத்தும்?

தெற்குத்தெரு:
பத்து ஆண்டுகளாக எனக்கு எதுவும் ஆகவில்லை. எங்கள் தெருவில் மாலையில் 170 வோல்ட்டுக்கு இறங்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் கணினி ஓடுமா என்று நீங்களே வந்து பாருங்கள்.

மின்வழி:
100 முதல் 240 வரை என்று எழுதியுள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் 170-இல் தாராளமாக ஓடும். பத்து ஆண்டு எதுவும் ஆகாமல் இருப்பது இணைப்பு சரி என்பதற்குச் சான்றாகாது.

பழைய_சிலிக்கான்:
இரண்டு பேருமே யூபிஎஸ் என்பதை மறந்துவிட்டீர்கள். இதைப் பற்றியும் நான் முன்பே எழுதியிருக்கிறேன்.

கோட்டையூரான்:
கேள்வி கேட்ட பிள்ளை எங்கே? மூன்று நாட்களாகக் காணவில்லை.

வளவுப்பையன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், தேர்வு இருந்தது. விசிறியின் ஒரு கால் போர்டைவிட்டு எழும்பி நின்றது. ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்து, உத்தரத்திலிருந்து உதிர்ந்த காரைத் துகளும் அதில் ஒட்டிக்கிடந்தது. துடைத்து, பேஸ்ட் வைத்து மாட்டினோம். 98 டிகிரி இருந்தது இப்போது 70-ஐத் தாண்டவில்லை. நேற்று இரண்டு மணிநேரம் விளையாடினேன், திணறவில்லை. ராம் ஒரே குச்சிதான். அதனால் அண்ணனிடம் ஒரு 8 ஜிபி மட்டும் வாங்கி வரச் சொல்லிவிட்டேன், கார்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். எர்த் குழிக்கு எலெக்ட்ரீஷியன் வந்து இடம் பார்த்தார். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கை வைக்கக்கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டதால் குழி கொல்லைப்புறத்தில் வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

கானாடுகாத்தான்_காற்று:
மகிழ்ச்சி. மேசைக் கதவு?

வளவுப்பையன்:
முன்கதவு சாத்தித்தான் இருக்கிறது அண்ணா. பின்பலகையைக் கழற்றிவிட்டோம், அப்பத்தாவுக்கு இன்னும் தெரியாது.

மின்வழி:
எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.