அப்பா அம்மாவை முதல் தடவையாக தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிறோம், மூன்று நாள் தாங்குவார்களா?

சின்னவள்:

அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 67. இருவரும் இதுவரை எந்த தீம் பார்க்கிலும் கால் வைத்ததில்லை. எங்கள் பிள்ளைகள் (11, 6) தாத்தா பாட்டி வந்தால்தான் வருவோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். மூன்று நாள் திட்டம், பக்கத்திலேயே அறை.

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது, ஒரு முட்டி மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு சுகர், இன்சுலின் போட்டுக்கொள்கிறாள், அவ்வப்போது தலைசுற்றலும் உண்டு. அப்பாவைக் கேட்டால் "எனக்கென்ன, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறவன்" என்கிறார். அம்மாவோ "நாங்க எதுக்கு, உங்களுக்குத்தான் இடைஞ்சல்" என்கிறாள். இரண்டையுமே நான் நம்பவில்லை.

எந்த ரைடிலும் ஏறப்போவதில்லை என்றால் மூன்று நாள் டிக்கெட் வீண்தானே? வீல்சேர் பேச்சை எடுத்தால் அப்பா கோபித்துக்கொள்வார், அதை எப்படிச் சொல்வது?

மூத்த மாப்பிள்ளை:

போன வருடம் மாமாவையும் அத்தையையும் அழைத்துப் போய் முதல் நாளே சொதப்பினவன் எழுதுகிறேன். கேட் திறக்கும்போது உள்ளே போனோம், மூடும்போது வெளியே வந்தோம். கொடுத்த காசுக்கு ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்ற என் கணக்கு. இரவு அறைக்கு வந்து போனைப் பார்த்தால் 18,000 காலடி நடந்திருக்கிறோம். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை, கணுக்கால் அப்படி வீங்கியிருந்தது. அன்றைக்கு முழுக்க அறையில் படுத்திருந்தார்.

உங்கள் அப்பா சொல்லும் முக்கால் மணி நேர நடை வேறு, இது வேறு. நடந்தால்கூடப் பரவாயில்லை, நான்கு அடி நகர்ந்து ஐந்து நிமிடம் நிற்கிறோமே, அந்த வரிசைதான் ஆளைச் சாய்க்கும். அதனால் வெயிலுக்கு முன் உள்ளே போங்கள், உச்சி வேளையில் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுக்கட்டும், சாயங்காலம் மறுபடி போகலாம். (அதே நாளில் திரும்ப உள்ளே விடுவார்களா என்று மட்டும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.) மூன்று நாளும் தொடர்ந்து போகாதீர்கள், நடுநாளைச் சும்மா விடுங்கள்.

வீல்சேருக்கு எங்கள் வீட்டில் பலித்த வழி: அதை யாருக்காகவும் எடுக்கவில்லை, பைகளுக்காக எடுத்தோம். தண்ணீர், மாற்றுத் துணி, பிள்ளைகளின் தொப்பி எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். பதினொரு மணிக்கு அத்தை "கொஞ்ச நேரம்" என்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் மாமாவே காலியாக இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாசலில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கூட்ட நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட்டரி வண்டி ஓட்டிப் பழகாதவருக்கு வேண்டாம், முன்னால் போகிறவர் குதிகாலில்தான் போய் நிற்கும். வீல்சேர் இருந்தால் வரிசையே கிடையாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள், அது பார்க்குக்குப் பார்க் மாறும். நிறைய இடங்களில் வீல்சேரோடு அதே வரிசையில்தான் போகவேண்டும்.

இரவு ஷிப்ட் நர்ஸ்:

மேலே சொன்ன நிற்கும் விஷயத்துக்குக் காரணம் உண்டு. அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், கெண்டைக்கால் தசை இயங்கினால்தான் அது மேலே ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் கண் இருட்டலாம். வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

வயதானால் தாக உணர்வு குறைந்துவிடும், தாகம் எடுக்கும்போது குடிக்கட்டும் என்று விடாதீர்கள், நீங்களே நேரம் பார்த்துக் கொடுங்கள். அப்புறம், நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிற பலர் வெளியே போகும் நாளில் கழிப்பறைக்குப் பயந்து அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், கூடவே தண்ணீரையும் குறைப்பார்கள். அப்பாவின் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள், நேரத்தை மாற்றலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். பார்க்குக்குள் நுழைந்ததும் முதல் வேலை மேப்பில் கழிப்பறைகளைப் பார்ப்பதுதான்.

அம்மாவின் இன்சுலின்: உபயோகத்தில் இருக்கும் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. வெயிலில் நிற்கும் காரிலோ வீல்சேர் பின்னால் தொங்கும் பையிலோ வைக்காதீர்கள். அதற்காக ஐஸ் கட்டி மேல் நேராக வைத்துவிடவும் கூடாது, உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வழக்கத்தைவிட மூன்று மடங்கு நடக்கும் நாளில் சுகர் சட்டென்று இறங்கலாம், அம்மாவின் கைப்பையிலேயே குளுக்கோஸ் இருக்கட்டும், உங்கள் பையில் அல்ல. நீங்கள் ரோலர் கோஸ்டர் வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ரைடு விஷயத்தில் எல்லோரும் பயப்படுவது உயரத்துக்கு. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அதைவிட மோசமானது, திரையில் படம் ஓட நாற்காலி மட்டும் ஆடுகிற வகை. எங்கோ பறப்பதாகக் கண் சொல்லும், இல்லவே இல்லை என்று உள்காது சொல்லும், நடுவில் மூளை திணறும். தட்டாமாலை சுற்றும் கோப்பைகளும் வேண்டாம். படகு, சுற்றுலா ரயில், மெதுவாகப் போகும் உள்ளரங்க ரைடு எல்லாம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அந்த உள்ளரங்க ரைடுகளில் ஒன்று கவனிக்க வேண்டும். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்ததும் நம் கண் பழகிவிடும், அவர்கள் கண்ணுக்கு நிறைய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் நகரும் பெல்ட்டில் கால் வைத்து, நகர்ந்துகொண்டே இருக்கும் வண்டியில் ஏறச் சொல்வார்கள். என் அம்மா தடுமாறியது அங்கேதான். ஏறுவதற்கு முன்பே அங்கிருக்கும் பணியாளரிடம் சொன்னால் பல இடங்களில் பெல்ட்டின் வேகத்தைக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் நிறுத்தியும் விடுவார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். அப்பாவுக்கு முட்டி மாற்றியிருப்பதால் தாழ்வான படகிலிருந்து எழுந்து வெளியே வருவதுதான் பாடு. பெரிய ரைடுகளின் வாசலில் சில சமயம் ரைடில் இருப்பது போன்ற இருக்கை ஒன்றை வைத்திருப்பார்கள், உட்கார்ந்து பார்க்கட்டும்.

நேரா பேசுபவன்:

எல்லோரும் எப்படி அழைத்துப் போவது என்றே பேசுகிறீர்கள். வருகிறார்களா என்று யாராவது கேட்டார்களா? என் அப்பா வந்தார், மூன்று நாளும் பை காத்தார், ஊருக்கு வந்து "நல்லா இருந்துச்சு" என்றார். அந்த "நல்லா இருந்துச்சு" எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெஞ்ச் தாத்தா:

எனக்கு 71. என் மகள் என்னை அழைத்துப் போனாள், ஆகவே நான் எதிர்த்தரப்பு.

மேலே தம்பி சொன்னது சரி. "நீங்க போங்க, நான் இங்க இருக்கேன்" என்று நாங்கள் சொன்னால் பாதி நேரம் அதற்கு அர்த்தம் கால் வலிக்கிறது என்பது, மீதி நேரம் அங்கே என்ன நடக்கிறதென்று புரியவில்லை என்பது. முதல் நாள் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு "இப்ப வந்துடுவோம்" என்று போனவர்கள் ஒன்றே கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை, அதை லாக்கரில் வைத்திருந்தார்களாம். கழிப்பறைக்கு எழுந்து போகவும் பயம், பைகள் என் பொறுப்பு. மறுநாள் மகளிடம் சொல்லிவிட்டேன், எத்தனை நிமிடம் என்று பலகையில் போட்டிருப்பதைச் சொல்லிவிட்டுப் போ, மேப் ஒன்றை என் கையில் கொடு, பையை நீயே எடுத்துக்கொண்டு போ.

அதன்பிறகு பெஞ்ச் எனக்குப் பிடித்துவிட்டது. நான் மெஷின் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். கோஸ்டர் முதல் மேட்டில் ஏறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் வருமே, அது கோளாறு இல்லை. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி அடியில் ஒரு கொக்கி பல் பல்லாக விழுந்துகொண்டே போகும் சத்தம். அந்த வகைக் கோஸ்டரில் வண்டிக்கு எஞ்சினே கிடையாது, சங்கிலி மேலே கொண்டுபோய் விடுவதோடு சரி, மீதி எல்லாம் தன் எடையிலேயே ஓடுகிறது, அதனால்தான் அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாக இருக்கும். பேரனுக்கு இதைச் சொன்னதும் அவன் இரண்டு ரைடை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்துவிட்டான்.

பெஞ்சைக் கேவலமாக நினைக்காதீர்கள். மகள்கள் ராட்டினத்தில் சுற்ற, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வந்ததுதான் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்ட். திறந்த அன்றே பார்க்கைச் சுற்றி நீராவி ரயிலும் ஓடியது. நீங்கள் போகும் இடத்தில் அப்படி ரயில் இருந்தால் முதலில் அதில் ஒரு சுற்று போகட்டும், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பதற்றம் போய்விடும்.

அம்மாவை அப்பா இல்லாதபோது தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

சின்னவள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளை இரண்டாக்கிவிட்டேன், நடுவில் ஒரு நாள் ஓய்வு. டாக்டரிடம் அடுத்த வாரம் போகிறோம்.

அம்மாவைத் தனியாகக் கேட்டேன். முதலில் இடைஞ்சல் பாட்டைத்தான் பாடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குதிரை மேலே உட்கார்ந்து சுத்துமே, அதுல பெரியவங்களை ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அம்மா தனக்கென்று எதையாவது கேட்டு நான் பார்த்ததே இல்லை. தலைசுற்றல் வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் பைகளுக்காக வீல்சேர் எடுக்கப்போகிறோம் என்றேன். "பைகளுக்கா? அதுக்கு ட்ராலி இருக்குமே" என்றார். மாட்டிக்கொண்டேன்.

இரவு ஷிப்ட் நர்ஸ்:

ராட்டினத்தில் ஏறி இறங்காத குதிரையும் இருக்கும், பெரும்பாலும் உட்காரும் பெஞ்சும் இருக்கும். உள்வட்டத்தில் உட்காரட்டும், வேகம் குறைவு. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டாக்டரிடம் இதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பெஞ்ச் தாத்தா:

இழுக்கும் ட்ராலியை உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பல பார்க்குகளில் அது உண்மையும்கூட.