‘செய்கூலி இல்லை’ நகை விளம்பரம்: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். ஆவணியில தங்கச்சிக்குக் கல்யாணம். ஆடி பிறந்ததிலிருந்து பேப்பரைத் திறந்தாலே ‘செய்கூலி இல்லை’ விளம்பரம்தான். நம்பிப் போனேன். கடைப் பேரு வேண்டாம்.

2 பவுன் சங்கிலி, 16 கிராம். செய்கூலி நிஜமாவே பூஜ்யம். ஆனா சேதாரம் 18 சதவீதம்! அதாவது கைக்கு வராத 2.88 கிராம் தங்கத்துக்கும் சேர்த்துக் காசு. பக்கத்துக் கடையில செய்கூலி வாங்கறாங்க, சேதாரம் 9 சதவீதம்தான். கூட்டிப் பார்த்தா அங்கதான் விலை குறைவு. வீட்டுக்கு வந்து விளம்பரத்தை உத்துப் பார்த்தா, மூலையில எறும்பு ஊர்ற மாதிரி ‘சேதாரம் தனி’ன்னு இருக்கு. நல்லவேளை, வாங்கல. அம்மா மட்டும் இன்னும் “அவ்வளவு பெரிய கடை ஏமாத்துமா”ங்கறாங்க.

916 முத்திரை, 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தர்ற அடையாளக் குறியீடு) எல்லாம் பிஐஎஸ் கேர் செயலியில பார்க்கத் தெரியும். அது தங்கத்தோட தரத்தைத்தான் சொல்லும், கடைக்காரர் போடற கணக்கை இல்லையே.

நீங்க சேதாரத்தைப் பேரம் பேசி எவ்வளவு வரைக்கும் இறக்கினீங்க? அடுத்து கல் வச்ச நெக்லஸ் எடுக்கணும். கல் எடையைக் கழிச்சுத்தான் தங்கத்துக்கு விலை போட்டிருக்காங்களான்னு பில்லுல எங்க பார்க்கணும்? 2019 நுகர்வோர் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாமாம். இந்தப் பொடி எழுத்து விஷயத்துக்கு யாராவது 1915-ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பண்ணியிருக்கீங்களா? என்ன ஆச்சு?

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கடைக்குப் போறோம். அதுக்குள்ள சொன்னா நல்லா இருக்கும்.