கேட் மிடில்டன் மாதிரி லேஸ் கை கவுன்: ஆவணி வெக்கைக்குச் சரிவருமா?

கல்லடிப்பாலம்:
தங்கச்சிக்கு ஆவணியில மட்டக்களப்பு புளியந்தீவு இணைப்பேராலயத்தில கல்யாணம். 2011இல இளவரசர் வில்லியமை முடிக்கேக்க கேட் போட்ட கவுன் மாதிரித்தான் வேணுமெண்டு நிக்கிறா. வி கழுத்து, முழு நீள லேஸ் கை, முதுகில வரிசையாப் பொத்தான், பின்னால தரையில இழுபடுற நீள ட்ரெயின். தைக்கப்போறவங்க ஊர் அக்கா ஒராள். சாறி பிளவுஸ், ஃப்றொக் எல்லாம் நல்லாத் தைப்பாங்க, கவுன் குறைவுதான். துணி நாங்க எடுத்துக் குடுக்கணும். என்ன துணி, எத்தினை மீற்றர், எங்க பிழைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

ஊசிமுனை:
அந்தக் கவுனை சேரா பர்ட்டன் அலெக்சாண்டர் மக்வீன் எண்ட உடுப்பு நிறுவனத்துக்காகச் செய்தவ. சித்திரை மாச லண்டனுக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள்ள நடக்கத் தைச்ச உடுப்பு. துணி சாட்டின் கசார், விறைப்பான பட்டு. அந்த விறைப்பாலதான் பாவாடை மடிப்பு தானாப் புடைச்சு நிக்குது. இங்க கடையில பிறைடல் சாட்டின் எண்டு தாறது பெரும்பாலும் பொலியெஸ்டர். வெக்கையான கச்சான் காத்தடிக்கிற நாளில அது காத்தை விடாது. கையடியில வேர்வை படிஞ்சா ஈரம் கறுப்பாத் தெரியும், காஞ்ச பிறகும் கோடு நிக்கும்.

கேட்டின்ட கவுன் வெட்டை மட்டும் எடுங்க, துணியை மாத்துங்க. வெளிப்பக்கம் ஓர்கன்சா (ஊடுதெரியிற விறைப்பான மெல்லிய துணி), அதுக்குள்ள மெல்லிய கிறேப் (நெளிவா விழுற துணி), உடம்பில படுறது பருத்தி வொயில் (மெல்லிய பருத்தித் துணி). டஃபட்டா (மொறமொறப்பான, இறுக்கமா நெய்த துணி) லைனிங் வேண்டாம். பருத்தியை நனைச்சுக் காயவைச்சு அயன் பண்ணின பிறகுதான் வெட்டணும், இல்லாட்டி முதல் கழுவலிலேயே உள்பக்கம் சுருங்கி வெளித்துணி பையாத் தொங்கும்.

அளவு: ஐஞ்சடி மூணங்குல உயரம், ஏ-லைன் (கீழ போகப்போக விரியிற வெட்டு), 1 மீற்றர் ட்ரெயின் எண்டு வைச்சா, 150 செ.மீ. அகலத் துணியில ஓர்கன்சா 6, கிறேப் 6, வொயில் 4 மீற்றர். லேஸ் 130 செ.மீ. அகலத்தில 2 மீற்றர். உள்பாவாடைக்கு மெல்லிய நெட் 6 மீற்றர் போதும். 112 செ.மீ. அகலத் துணி கிடைச்சா ஒண்டரை மீற்றர் கூட்டி எடுங்க. எல்லாத்தையும் ஒரே ரோலில வெட்டி வாங்குங்க. ஐவரி ஒவ்வொரு ரோலிலயும் கொஞ்சம் மாறும், வெளிச்சத்தில பிடிச்சாத்தான் தெரியும்.

லேஸ்கை:
கூடுதலாப் பிழைக்கிற இடம் கைதான். லேஸ் இழுபடாது. கைக்குழியை இறக்கி வெட்டினாக் கை லேசா இருக்குமெண்டு நினைப்பாங்க, நடக்கிறது மறுபக்கம்: கையைத் தூக்கினா முழுக் கவுனும் மேல ஏறும். குழி அக்குளுக்குக் கீழ ஒண்டரை, ரெண்டு செ.மீ.தான் இருக்கணும். மேல்கைச் சுற்றை முழங்கையை மடிச்சு அளந்து, அதுக்கு மேல 4 செ.மீ. விடுங்க. முழங்கையில ஒரு சின்ன டார்ட் (மடிச்சுத் தைக்கிற கூர்மடிப்பு). மணிக்கட்டில 8 செ.மீ. திறப்பு, இல்லாட்டிக் கை நுழையாது.

கேட்டின்ட லேஸ் முழுத்துணியா வெட்டித் தைச்சது இல்ல. பூவைப் பூவா வெட்டி நெட்டில ஒட்டுத்தையல் போட்டது, ரோயல் ஸ்கூல் ஒஃப் நீடில்வேர்க் எண்ட இங்கிலாந்துத் தையல்கலைப் பள்ளி ஆக்கள்ட கைவேலை. வெள்ளை மங்காம இருக்க அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கை கழுவி, மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஊசி மாத்தினவங்க. வேர்வை ஊர்ல இது இன்னும் முக்கியம், ஊசி வேர்வையில கறுத்தாத் தையல் துளையெல்லாம் கறை.

வீட்டில செய்யிற விதம்: தோல் நிறத்துக்குக் கிட்டின மெல்லிய நெட்டில கையைத் தைச்சு, தங்கச்சிக்குப் போட்டுவிட்டு, பூவை ஓரத்து நூலுக்கு வெளியால 2 மி.மீ. விட்டு வெட்டி, குண்டூசி குத்தி இடம் பாருங்க. மூட்டுத் தெரியிற இடத்தில ஒரு பூவை ரெண்டு பக்கமும் படிய வைச்சாக் கோடு மறையும். ஒற்றை நூலில சின்னச் சின்னத் தையல், மெசின் வேண்டாம்.

கேட்டின்ட கவுன் முதுகில 58 பொத்தான். அத்தனையும் வளையத்தில மாட்டித் திறக்கிறது கரைச்சல். உள்ள மறைவுச் சிப் வைச்சு, பொத்தானை மேல அலங்காரமாத் தைக்கலாம். இழுவையைச் சிப் தாங்கும்.

மணல்தரை:
ட்ரெயின் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. கேட்டினது 2.7 மீற்றர். டயானாட 1981இல 25 அடி, பட்டு டஃபட்டா. வண்டிக்குள்ள மடங்கிக் கிடந்து, சென் போல்ஸ் பேராலய வாசலில இறங்கேக்க கசங்கித்தான் இருந்தது. அதுக்குப் பிறகும் அந்தப் புடைச்ச கையும் நீள ட்ரெயினும் எண்பதுகளில உலகமெல்லாம் ஓடிச்சு. உங்களுக்கு 1 மீற்றரே தாராளம். காரை விட வான் வண்டியில கூட்டிப்போங்க, ட்ரெயினைப் பக்கத்துச் சீற்றில விரிச்சு விடுங்க, அதுக்கு மேல இருக்க விடாதீங்க.

கோயில் வளவு மணல். ஓரத்தில லேஸ் இருந்தா மணல் லேஸ் ஓட்டைக்குள்ள போய் நிக்கும், தட்டினாலும் போகாது. அடிப்பக்கம் 12 செ.மீ. அகல நெட் ஃப்ரில் ஒண்டைக் கைத்தையலில லேசாப் பிடிச்சு விடுங்க. அழுக்கை அது வாங்கும், விருந்துக்கு முதல் பிரிச்செடுத்திடலாம். பாரம் தோளில இறங்காம, உள்ள இடுப்பில 2.5 செ.மீ. அகல நாடா தைச்சு முன்னுக்குக் கொக்கி போடுங்க. அந்த நாடா இல்லாட்டி ட்ரெயின் பின்னுக்கு இழுத்து, கழுத்து முன்னால ஏறும். விருந்துக்குத் தூக்கிக் கட்ட இடுப்புத் தையலில 3 பொத்தான், ட்ரெயினில 3 வளையம்.

கல்முனை ராத்தா:
எங்கட பக்கம் நிக்காஹுக்கும் இப்ப இதே கேள்விதான். மூடின கழுத்து, முழுக் கை வேணுமெண்டா கேட்டை விட 1956இல மொனாக்கோ இளவரசரை முடிக்கேக்க நடிகை கிறேஸ் கெலி போட்டதைப் பாருங்க தங்கச்சி, கேட்டுக்கே அதுதான் முன்னோடி எண்டு ஒப்பிட்டவங்க கனபேர். நிமிர்ந்த கழுத்துப் பட்டி 4 செ.மீ.க்கு மேல வேண்டாம், ஹிஜாப் உள்ள போனா நாடியை முட்டும்.

கல்லடிப்பாலம்:
எல்லாருக்கும் நன்றி. அம்மா சொல்றா லேஸே வேண்டாம், இளவரசர் ஹரியின்ட மனைவி மேகன் மாதிரி வெறும் வெள்ளையா எளிமையாத் தைப்பம் எண்டு. அது லேசா?

ஊசிமுனை:
இல்ல தங்கச்சி, அதுதான் கஷ்டம். 2018இல கிளெயர் வைட் கெல்லர் ஜிவோன்ஷி எண்ட உடுப்பு நிறுவனத்துக்காகச் செய்த அந்தக் கவுனில மொத்தம் ஆறே ஆறு தையல் கோடு. மறைக்கப் பூவும் இல்ல, மணியும் இல்ல. ஒரு தையல் இழுத்தாலும் படத்தில விழும். தோளோடு தோள் போற அந்தக் கழுத்து குனிஞ்சா வாய் பிளக்கும். கழுத்தோரத்தில நாடாவை அரை செ.மீ. குறைச்சு, துணியை நாடாவுக்குள்ள அடக்கித் தைச்சாத்தான் படியும். பிளவுஸ் கைப்பழக்கம் உள்ள அக்காவுக்கு லேஸ்தான் பாதுகாப்பு.

அம்மாவுக்கு மேகன் பிடிச்சிருந்தாத் தலை நெட்டில கொண்டுவாங்க. அவட 5 மீற்றர் நெட்டில அப்ப இருந்த பொதுநலவாய நாடுகள் 53இன்ட பூவும் இருந்தது, இலங்கைக்கு நீலோற்பலம். உங்கட நெட்டின் ஓரத்தில வெள்ளை நூலில அந்த ஒரு பூவை மட்டும் போடலாம்.

எதைத் தைச்சாலும் முதல் மலிவு வெள்ளைத் துணியில மேல்பாகத்தையும் ஒரு கையையும் தைச்சுப் போட்டுப் பாருங்க. போட்டபடி இருக்கட்டும், கையைத் தூக்கட்டும், முழந்தாள்படியிடட்டும். ஓர்கன்சாவில ஊசித்துளை மறையாது, பிரிச்சுத் தைக்கிற வேலை அதில இல்ல.